டீச்சர் கையை எடுக்கவில்லை

என் மகள் நான்காம் வகுப்புப் படித்தபோது அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன. வாரத்தில் மூன்று நாள் குச்சனூரிலிருந்து தேனிக்குப் பஸ் ஏறி டயாலிசிஸுக்குப் போய் வந்தோம். கையிலுள்ள ரத்தக்குழாய்கள் இவ்வளவு சிறியவளுக்கு இன்னும் தாங்காது என்று சொல்லி, கழுத்து வழியாக ஒரு டியூபைச் செலுத்தி, அதன் முனையை வலது மார்பில் வெளியே விட்டிருந்தார்கள். ரத்தம் அதன் வழியாகத்தான் மெஷினுக்குப் போய்ச் சுத்தமாகித் திரும்பும்.

டயாலிசிஸ் நர்ஸ் குமுளிப் பக்கத்துக்காரர். முதல் நாளே என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "டியூப் நனையக் கூடாது, இழுபடக் கூடாது. வெளிய வந்துட்டா அந்த ஓட்டையிலயும், கழுத்துல டியூப் உள்ள இறங்குற எடத்துலயும் நல்லா அமுக்கிக்கிட்டு ஓடி வாங்க. நின்னுருச்சான்னு கைய எடுத்துப் பார்க்கவே கூடாது."

மகளுக்கோ பள்ளிக்கூடம் போகாவிட்டால் சோறு இறங்காது. டயாலிசிஸ் இல்லாத நாட்களில் அனுப்பலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் எனக்குப் பயம். வகுப்பு டீச்சரிடம் போய் நர்ஸ் சொன்னதைச் சொன்னேன். அவர் தன் சேலைத் தலைப்பை ஒதுக்கி, "எங்கன அமுக்கணும்? என் கழுத்துல தொட்டுக் காட்டுங்க" என்றார். காட்டினேன்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் திராட்சைத் தோட்டத்தில் பழம் வெட்டிக்கொண்டிருந்தேன். டீச்சரின் நம்பரிலிருந்து போன். பேசியது என் மகள்.

"அம்மா, வெளாடும்போது ஒரு பிள்ள என் பைய இழுத்துருச்சு. வாரு மாட்டி டியூப் வந்துருச்சு. டீச்சர் அமுக்கிக்கிட்டு இருக்காக, அதான் நான் போன பிடிச்சிருக்கேன். ஆட்டோல போறோம். நீ அழாம தேனிக்கு வா."

வெட்டிய பழத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று இன்றைக்கும் நினைவில்லை. அவர்களும் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார்கள்; ஆஸ்பத்திரிக் கட்டிலில் மகள் விழித்தபடி படுத்திருந்தாள். டீச்சர் குனிந்து நின்று அவள் கழுத்தையும் மார்பையும் அழுத்திக்கொண்டிருந்தார். சேலையெல்லாம் ரத்தம்.

நர்ஸ் பஞ்சை வைத்து அந்த இடத்தைத் தான் பிடித்துக்கொண்டு, "இனி விடலாம் டீச்சர்" என்றார். டீச்சருக்கு விரல்களை நீட்ட முடியவில்லை.

"சரியான எடத்துலதான் அமுக்குனேனா?" என்று கேட்டார்.

"சரியான எடம்தான்."

அதற்குப் பிறகுதான் அவர் அழுதார். என் மகள் அவரைப் பார்த்து, "எனக்கு வலிக்கல டீச்சர்" என்றாள். நான் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டேன்.

இடது பக்கம் புதிய டியூப் வைத்தார்கள். பையை இழுத்த சிறுமி தன் அம்மாவோடு வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றாள். மகள் அவளை உள்ளே கூப்பிட்டு, விட்டுப்போன வீட்டுப்பாடத்தை எழுதித் தரச் சொன்னாள். மகள் மறுபடி பள்ளிக்குப் போன அன்று, டீச்சர் மற்ற ஆசிரியர்களை எல்லாம் ஓர் அறைக்கு அழைத்தார். மகளை நாற்காலியில் உட்காரவைத்தார். எங்கே அழுத்த வேண்டும் என்று அவளே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

மறு வருஷம் என் சிறுநீரகங்களில் ஒன்றை அவளுக்கு வைத்தார்கள். இப்போது ஒன்பதாம் வகுப்பு. மாத்திரை போட மட்டும் தினமும் சண்டை போடுகிறாள். சண்டை போட அவள் இருக்கிறாளே என்று நினைத்து, தண்ணீரை நீட்டிக்கொண்டு நிற்கிறேன்.