ஏரிக்குள் ஒரு ரோடு

பங்குனியில் ஏரி வற்றிவிட்டால் உத்திரமேரூர் போக எங்கள் ஊரில் யாரும் கரையைச் சுற்ற மாட்டோம். ஏரிக்குள் இறங்கி நேராகப் போய்விடுவோம். சைக்கிள், டிராக்டர், கல்யாண வேன் எல்லாம் அதில்தான். ஐப்பசியில் தண்ணீர் வந்தால் ரோடு முழுகிவிடும், மறுபடி சுற்றுவழி. இதையெல்லாம் ஒருத்தருக்கு விளக்க வேண்டிவரும் என்று நான் நினைத்ததே இல்லை.

என் தங்கையைப் பெண் பார்க்கச் சென்னையிலிருந்து கிளம்பியவர்கள், சுற்றுவழியில் திசை தப்பி, ராகுகாலம் வந்துவிட்டதென்று பாதியிலேயே திரும்பிப் போனார்கள். சகுனம் சரியில்லை என்று பையனின் அம்மா சொல்லிவிட்டாராம். தங்கைக்கோ போட்டோவிலேயே பையனைப் பிடித்துப்போயிருந்தது. அழுது அழுது முகம் வீங்கிக் கிடந்தாள். பையன்தான் அம்மாவைக் கெஞ்சி இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வாங்கினார். அதுவும் தவறினால் அவ்வளவுதான்.

"பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்கறேன்" என்று பையனிடம் போனில் சொன்னேன்.

"வேணாங்க, நெட்ல மேப் பாத்துக்கினு வந்துடுவேன்" என்றார். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற கௌரவம்!

அந்த மேப்பில் எங்கள் ஊரே இல்லை.

அப்போது நான் உத்திரமேரூர் பஜாரில் ஒரு பாயின் பிரவுசிங் சென்டரில் வேலை செய்துகொண்டிருந்தேன். யார் வேண்டுமானாலும் வரைந்து சேர்க்கலாம் என்கிற மேப் ஒன்று நெட்டில் இருப்பதைத் தேடிக் கண்டுபிடித்தேன். பையனிடமும் அதையே பார்க்கச் சொன்னேன். வரைவது லேசான வேலை இல்லை. மேலிருந்து எடுத்த மங்கலான படத்தின்மேல் மவுஸால் கோடு இழுக்க வேண்டும். முதலில் நான் இழுத்ததெல்லாம் இடியாப்பம் மாதிரி வந்தது. அழித்து அழித்துப் பழகி, ஊரை வைத்தேன், கோயிலை வைத்தேன், ஏரிக்குள் போகும் ரோட்டையும் போட்டேன். என் ஊர் பேர் திரையில் வந்ததும் கடையிலேயே கை தட்டிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்து பார்த்தால் ரோட்டைக் காணோம். ஜெர்மனியில் இருக்கிற ஒரு ஆள் எடுத்துவிட்டிருந்தார். ஏரித் தண்ணீரில் ரோடு போகாது, தவறு என்று ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு வேறு. எனக்கு வந்ததே கோபம்! எங்கள் ஏரியில் சித்திரை மாதம் என்ன இருக்கும் என்று அங்கே உட்கார்ந்துகொண்டு இவர் சொல்வதா? திரும்பப் போட்டேன். திரும்ப எடுத்தார்.

"கோவப்பட்டு இன்னாமா ஆவப்போவுது?" என்றார் பாய். "அந்தாளு கண்ணுக்குத் தண்ணிதான் தெரியுது. நீ வண்டி ஓட்டிக் காட்டு."

பாயின் அண்ணன் துபாயிலிருந்து அனுப்பிய போனில், போகிற வழி தானாகவே பதிவாகும். அதை முந்தானையில் முடிந்துகொண்டு சனிக்கிழமை காலையில் மொபெட்டை ஏரிக்குள் விட்டேன். ஒரே புழுதி. மாடு மேய்த்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே! கடைக்கு வந்து பதிவை ஏற்றினேன். நீல ஏரிக்கு நடுவே என் வண்டித் தடம் நேராகப் போயிருந்தது. பங்குனிக்கு அப்புறம் தரை, ஐப்பசியில் தண்ணீர் என்று தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன்.

சாயங்காலம் பதில் வந்தது. மன்னிப்புக் கேட்டிருந்தார். கோடையில் மட்டும் என்று சேர்த்து, ரோட்டை அவரே திரும்பப் போட்டிருந்தார்.

"ஜெயிச்சுட்டேன் பாய்!" என்று கத்தினேன். பிரவுசிங்குக்கு வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் நாலரைக்கு. மூன்றரை மணிக்கே நான் வாசலில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் ஏரிக்குள்ளிருந்து புழுதி கிளம்பியது. பின்னாலேயே வேன்! பையன் மேப் பிரிண்டோடு இறங்கி, "ஏரிக்குள்ள போவ மாட்டேன்னு டிரைவர் ஒரே அடம். அம்மாதான், மேப்புல கோடு கீதே, போப்பான்னாங்க" என்றார்.

அந்த அம்மா கூடத்தில் வந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "யாரும்மா இந்த ரோடு போட்டது? சர்க்கார் போட்டத விட நல்லாக்கீதே."

கூப்பிடும்வரை பெண் வெளியே வரக்கூடாது, வாயே திறக்கக்கூடாது என்று காலையிலிருந்து சொல்லி வைத்திருந்தோம். அறைக் கதவைப் படாரென்று திறந்துகொண்டு என் தங்கை, "எங்க அக்காதான்!" என்றாள்.

அந்த அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே எழுந்து, கொண்டுவந்திருந்த மல்லிகைச் சரத்தை அவள் தலையில் வைத்தார்.