கீழிருந்து இரண்டு தட்டு

சொந்தத் தங்கையின் புருஷனை நம்புவதற்கு என்ன விலை? உரைகல் அதற்கும் ஒரு விலை போட்டு வைத்திருந்தார். மாத வருமானத்தில் இருபதில் ஒரு பங்கு. அதுவரை மாப்பிள்ளை ஏமாற்றினால் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவது. அதற்கு மேல் ஒரு காசு போனாலும் உறவு வேறு, தொழில் வேறு.

நீங்கள் சிரிக்கலாம். ஆனால் இனி வரப்போவது சிரிக்கிற விஷயமில்லை. இது நடந்தது. யாரோ சொல்ல யாரோ கேட்ட கதை இல்லை. கூரை மேல் உட்கார்ந்திருந்தவர் வாயாலேயே இரண்டு முறை வந்தது. பொய் சொல்கிறவன் இரண்டாம் முறை கொஞ்சம் அழகுபடுத்துவான். இவர் ஒரு சொல்லைக் கூட மாற்றவில்லை. ராத்திரி இல்லை, இருட்டு இல்லை, நட்டநடுப் பகல் என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

உரைகல் என்பது பட்டப்பெயர். மரக்கடை வியாபாரிகள் நடுவில் வளர்ந்தவர். பேரச் சத்தத்தில் தூங்கி, பேரச் சத்தத்தில் விழித்தவர். எதையும் ஒருமுறை உரசிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார், வார்த்தை உட்பட. ‘விடிந்துவிட்டது’ என்று சொன்னால் ஜன்னலைத் திறந்து சரிபார்க்கிற ஆள். தொழில், வீடுகளுக்குக் கதவு, ஜன்னல், கூரை மரவேலை. கூட்டாளி ஒரே ஒருவர்: தங்கையின் கணவர். நல்ல கை, ஆனால் வாய் குறைவு. வாய் குறைவானவர்களை உரைகல்லுக்குப் பிடிக்காது. மூட்டையைப் பிரிக்காமல் உள்ளே என்ன சரக்கு என்று எப்படித் தெரியும்?

அந்த வேலை ஒரு பழைய வீட்டில். வெகுகாலம் பூட்டிக் கிடந்தது. புதிதாக வாங்கியவர் மழைக்கு முன்னால் கதவு, ஜன்னல், கூரை மூன்றையும் சரி செய்து தரச் சொன்னார். முன்பக்கம் பெரிய அறை, பின்பக்கம் ஒரு சின்ன அறை. அந்தச் சின்ன அறைக் கதவில்தான் முதல் சந்தேகம் வந்தது.

கதவை நிலையில் மாட்டியதும் பாதி திறந்து கையை எடுத்துப் பார்ப்பார்கள். விட்ட இடத்தில் நின்றால் சரியான கதவு. தானாக நகர்ந்தால் நிலை சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கதவு விட்ட இடத்தில் நின்றது. ஆனால் இருவரும் முன் அறைக்குப் போய்விட்டுத் திரும்பினால்... மூடியிருந்தது.

உரைகல் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். நூல் பிசகவில்லை.

“கீலை நீதானே வச்ச?”

“ஆமா மச்சான்.”

“பின்ன ஏன் மூடுது?”

“நான் மூடல.”

“நீ மூடினேன்னு நான் சொல்லவே இல்லையே!”

மாப்பிள்ளை இழைப்புளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். உரைகல் அதை மனசில் குறித்துக்கொண்டார்.

அடுத்தது மரச்சுருள். ஜன்னல் சட்டம் இழைத்த சுருள் தரையெல்லாம் கிடந்தது. காலையில் வந்து பார்த்தால் அத்தனையும் பின் அறை மூலையில் ஒரே குவியல். பெருக்கியது யார் என்று கேட்டால், “நான் இல்ல மச்சான்.” செய்யாத வேலையைச் செய்தேன் என்று புளுகுகிறவர்களை உரைகல் நிறையப் பார்த்திருக்கிறார். செய்த வேலையைச் செய்யவில்லை என்று சொல்கிறவனை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார். இதில் ஏதோ பெரிய திட்டம் இருக்கிறது என்று முடிவு கட்டினார்.

திட்டம் இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சியும் இருந்தது. சில வாரமாகச் சாப்பாட்டு வேளை முடிந்ததும் மாப்பிள்ளை காணாமல் போய்க்கொண்டிருந்தார். எங்கே என்றால், “சும்மா, கடை வரைக்கும்.” எந்தக் கடை, என்ன வாங்கினான், கையில் ஏன் ஒன்றும் இல்லை... உரைகல்லுக்குச் சோறு இறங்கவில்லை.

சோறு என்றால் தங்கை வீட்டுச் சோறுதான். அவர் மாடி அறையில் ஒற்றை ஆள். அவள் குடும்பம் கீழே. அன்று இரவு தட்டைப் போட்டவளிடம் மெல்ல ஆரம்பித்தார்.

“உன் வீட்டுக்காரன் மத்தியானத்துல எங்க போறான்?”

“அண்ணா, நீ உன் நிழல்கிட்டயே ரசீது கேக்கற ஆளு. அவரை விட்டுடு.”

“கேட்டா தப்பா?”

“கேளு. கேட்டுக் கேட்டு ஒருநாள் அவரைத் துரத்திடு. அவர் போனா நானும் பெட்டி கட்டணும், அதையும் கணக்குல வச்சுக்கோ.” குழம்புக் கரண்டியை ஆட்டினாள். “அப்புறம் நீ ஓட்டல்காரன்கிட்ட போய் உப்பு எத்தனை கல்லு போட்டேன்னு எண்ணிட்டு இரு.”

உரைகல் சிரித்தார். தூக்கம் வரவில்லை. அவருக்கென்று இருந்த ஒரே ரத்த சொந்தம் அவள்தான். இருந்தாலும், கூரை வேலை நாளன்று மாப்பிள்ளையைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று தீர்மானித்தார்.

கூரை வேலையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். சாய்வாக இறங்கும் கைமரங்கள். அவற்றின் மேல் பலகை விரிப்பு. அதற்கு மேல் குறுக்கே ரீப்பர், அதாவது ஓடு உட்காரும் மெல்லிய சட்டம். மேலே இருப்பவருக்குப் பலகைதான் தெரியும், அடியில் கைமரம் எங்கே ஓடுகிறது என்று தெரியாது. பழைய வீட்டுக் கைமரங்கள் பாம்பு மாதிரி நெளிந்து போகும், கயிறு பிடித்து நேர்கோடு போட்டால் சரிவராது. அதனால் உரைகல்லும் மாப்பிள்ளையும் தங்களுக்குள் ஒரு முறை வைத்திருந்தார்கள். கீழே நிற்பவர் கைமரத்தைத் தட்டிக் காட்ட வேண்டும். இரண்டு தட்டு என்றால் ‘இங்கே அடி’. ஒரு தட்டு என்றால் ‘தள்ளிப் போ’. பழைய மரம் ஆணியை இறுக்கிப் பிடிக்காது என்பதால் நீள ஆணியாக அடித்து, கீழே நீட்டிக்கொண்டு வரும் முனையை மடக்கிவிடுவார்கள். அப்போதுதான் காற்று தூக்காது. அதுவும் கீழே நிற்பவர் வேலை.

காலையில் முன் அறைக் கூரை முடிந்தது. பின் அறைக்கு மட்டும் ஒரு சிக்கல். கைமரத்துக்குக் கீழே ஒரு முழம் விட்டு, சுவருக்குச் சுவர் பலகை சீலிங் அடித்திருந்தது.

“சாப்பிட்டதும் அந்த சீலிங்கைப் பிரிச்சுடு. அப்பதான் உன் கை எட்டும்.”

“சரி மச்சான்.”

தூங்குகிற மாதிரி நடித்து வேவு பார்க்கத்தான் உரைகல் முன் அறையில் படுத்தார், அசந்து தூங்கியே விட்டார். எழுந்தபோது மாப்பிள்ளை இல்லை. பின் அறைக் கதவு மூடியிருந்தது. உள்ளே வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு நேராக ஏணியில் ஏறினார். வெயில் சுள்ளென்று அடித்தது. ரீப்பரைக் கிடத்திவிட்டுக் கீழே பார்த்துக் கத்தினார்.

“மாப்பிள்ளை, ரெடியா?”

பதில் இல்லை.

அப்புறம் பலகைக்கு அடியில்... டொக். டொக்.

‘வாயைத் திறக்கத் தனிக் கூலி கேட்பான் போல’ என்று முனகிக்கொண்டே ஆணியை வைத்து அடித்தார். முனை கீழே இறங்கியதும் மடக்குகிற சத்தம் கேட்டது. டங்.

அடுத்த இடம். டொக். டொக்.

வேலை வழுக்கிக்கொண்டு போனது. காலையில் மாப்பிள்ளை ஒவ்வொரு கைமரத்துக்கும் தடவித் தடவி நேரம் எடுத்திருந்தார். இப்போது உரைகல் கையை நகர்த்துவதற்குள் தட்டு வந்தது. ‘ஓடிப்போன நேரத்தை ஈடுகட்டுகிறான்’ என்று நினைத்தார். கொஞ்சம் திருப்தி. நிறைய சந்தேகம்.

சத்தத்தில் ஏதோ சரியில்லை. சுத்தியல் பிடியால் தட்டினால் மரம் கணீரென்று சொல்லும். இது மந்தமாக இருந்தது. விரல் முட்டியால் தட்டுகிற மாதிரி.

“சுத்தியால தட்டு மாப்பிள்ளை! கதவைத் தட்டற மாதிரி தட்டாத!”

அமைதி.

பிறகு பலகை அதிர்கிற மாதிரி ஒரு... டொக்! டொக்!

“அது! அப்படி.”

வரிசை வரிசையாக முடிந்தது. கடைசி ரீப்பர். கடைசி ஆணி. கீழே, டங். வேலை தீர்ந்தது. உரைகல் சுத்தியலை இடுப்பில் செருகிவிட்டு வியர்வையைத் துடைத்தார்.

டொக். டொக்.

“போதும், முடிஞ்சுது.”

டொக். டொக்.

அவர் முழங்காலுக்கு நேர் அடியில்.

பக்கவாட்டில் கொஞ்சம் நகர்ந்தார். அது நகர்ந்து வந்தது. டொக். டொக். இன்னும் நகர்ந்தார். இன்னும் வந்தது. கீழே நிற்பவனுக்கு மேலே இருப்பவர் எங்கே இருக்கிறார் என்று எப்படித் தெரியும்?

“விளையாடறியா?”

உரைகல் குனிந்து பலகையில் காதை வைத்தார். வெயிலில் பலகை சுட வேண்டும். அந்த இடம் மட்டும் சில்லென்று இருந்தது.

உள்ளே ஒன்றும் கேட்கவில்லை.

காதை எடுக்கப் போனார். அப்போது தெருவில் வெளிக்கேட் கிறீச்சிட்டது. தலையைத் திருப்பினார். கேட்டைத் திறந்துகொண்டு ஒருவர் உள்ளே வந்தார். சட்டையெல்லாம் தூசி, நெற்றியில் வியர்வை. அண்ணாந்து பார்த்துக் கையசைத்தார்.

மாப்பிள்ளை.

பலகைக்கு அடியில், உரைகல்லின் காதுக்கு நேராக...

டொக்.

டொக்.

ஏணி மறுகோடியில் இருந்தது. உரைகல் எழுந்தார். ஒரு அடி வைத்தார். அடியில் தட்டியது. இன்னொரு அடி. தட்டியது. அவர் நின்றார்.

அதுவும் நின்றது.

ஏணியில் இறங்கினாரா விழுந்தாரா என்று அவருக்கே ஞாபகம் இல்லை. மாப்பிள்ளைதான் ஓடிவந்து பிடித்தார்.

“எங்க போன?”

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார்.

“எங்கடா போன!”

“பஸ் ஸ்டாண்டுக்கு. வெளியூர் பட்டறை ஒண்ணுல வேலை கேட்டிருந்தேன். அவங்க ஆள் வந்திருந்தாரு. சரின்னு சொல்லிட்டாங்க.” சட்டைத் தூசியை உதறினார். “நீங்க ஒருநாள் கூட என்னை நம்பல மச்சான். அவளையும் கூட்டிட்டுப் போயிடலாம்னு...”

வேறு நாளாக இருந்தால் உரைகல் அந்தப் பேச்சில் இடிந்து உட்கார்ந்திருப்பார். அன்று அவருக்கு வந்தது ஒரே கேள்வி.

“அப்போ இவ்வளவு நேரம் தட்டினது யாரு?”

“எங்க தட்டினாங்க? நான் சீலிங்கையே இன்னும் பிரிக்கலையே.”

பின் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சீலிங் அப்படியே இருந்தது. ஒரு பலகை அசையவில்லை. மூலையில் சிலந்தி வலை கூட அறுபடவில்லை.

அப்போதும் உரைகல் உரைகல்தான். இது மாப்பிள்ளை ஆள் வைத்துச் செய்த வேலை, எங்கோ ஒரு சந்து இருக்கிறது, நம் காதில் பூ சுற்றுகிறார்கள் என்று கடப்பாரையால் ஒரு பலகையை நெம்பினார். டார்ச்சை மேலே பிடித்தார்.

சீலிங்கின் மேற்புறம் தூசி மெத்தை மாதிரி கிடந்தது. ஒரு தடமும் இல்லை. கைமரங்களின் அடியில் ஆணி முனைகள் வரிசையாக மின்னின. ஒவ்வொன்றும் அழகாக மடக்கியிருந்தது.

மாப்பிள்ளை வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“இது என் கை இல்ல மச்சான். நான் இடது கைக்காரன். நான் மடக்கினா இடது பக்கமா சாயும்.”

முன் அறைக்குப் போய்ப் பார்த்தார்கள். காலையில் மாப்பிள்ளை மடக்கிய முனையெல்லாம் இடது பக்கம். பின் அறையில் எல்லாம் வலது பக்கம்.

உரைகல் டார்ச்சை அணைத்தார்.

“நம்பறேன் மாப்பிள்ளை,” என்றார். பேரம் இல்லாமல் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான் என்று தங்கை பிற்பாடு சொல்லுவாள்.

மாப்பிள்ளை போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வெளியூர் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்: இனிமேல் தட்டு கிடையாது, குரல் கொடுத்தால்தான் ஆணி. உரைகல் மறுபேச்சு பேசவில்லை.

மறுநாள் வெயில் ஏறியதும் மீதி சீலிங்கையும் பிரித்தார்கள். வீட்டை வாங்கியவரிடம் ஒப்படைத்தாக வேண்டுமே. மாப்பிள்ளை வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னார். உரைகல்லால் முடியவில்லை. கீழே நின்று ஆணிகளை எண்ணினார். ஒன்பது கைமரம், பதினோரு ரீப்பர், ஒரு சந்திப்புக்கு ஓர் ஆணி. தொண்ணூற்றொன்பது முனை இருக்க வேண்டும். இருந்தது. எல்லாம் சரி.

கைமரம் இல்லாத ஒரு வெற்றிடத்தில், பலகையில், பளபளவென்று ஓர் ஆணித் தலையும் இருந்தது.

முனை இல்லை. தலை.

மேலே ஏறிப் பார்த்தார்கள். முந்தைய நாள் உரைகல் காதை வைத்த இடத்தில், பலகையைத் துளைத்துக்கொண்டு அதன் முனை வெளியே வந்திருந்தது. வந்த முனை, வலது பக்கமாக, சுத்தமாக மடக்கியிருந்தது.

மேலிருந்து உள்ளே போனது, தொண்ணூற்றொன்பது.

உள்ளிருந்து மேலே வந்தது, ஒன்று.