என் கோவத்த வாங்கிட்டுப் போன சாரு

கடமலைக்குண்டுல எங்க கடலைக்காட்டுக்குப் பன்னி வெரட்டுற மிசினு ஒண்ணக் கொண்டாந்தாக ஒரு சாரு. பேரு கேட்டுக்கிடல. பொம்பளப்புள்ள மாதிரி கொண்ட போட்டிருப்பாக. எதப் பேசுனாலும் பிடரியத் தடவிக்கிட்டேதேன் பேசுவாக. பேனு இருக்குமோன்னு எம் மருமகளுக்குச் சந்தேகம்.

மிசினு பன்னியப் பாத்தா புலி மாதிரி உறுமும். மொத வாரம் ஓடுன பன்னி, பெறகு அதுக்குப் பக்கத்துலயே நின்னு கடலையத் தோண்டித் திங்குது!

"ஏஞ்சார், புலிக்கு மருவாதியே இல்லையே?"

"பன்னி பழகிடுச்சு பாட்டி. மூளையில பயமும் கோபமும்தான் ஆதியில வந்தது. கணக்கு, பேச்செல்லாம் ரொம்பப் பின்னாடி. நாங்க அந்தப் பின்னாடி வந்தத மட்டும் மிசினுக்குக் குடுத்துட்டோம். அதுக்குக் கோபப்படத் தெரியாது."

"அப்ப என் கோவத்த எடுத்துக்கிருங்க"ன்னு மைக்க வாங்குனேன். பன்னிய வைய ஆரம்பிச்சது, அப்பிடியே வரப்பத் தள்ளி எங்காட்டப் பிடிச்ச பங்காளிகிட்டப் போயிருச்சு. பேரு, மூக்கு, முழி எதையும் விடல.

சாரு பிடரியத் தடவுனாக. "இது பன்னிக்கா, ஆளுக்கா பாட்டி?"

"ரெண்டும் எங்காட்டத் தின்னதுதேன்."

இப்ப அதையெல்லாம் படிச்சுக்கிட்ட மிசினு, பன்னி வந்தா என் குரல்லயே புதுசு புதுசா வையுது. பன்னி ஓடுது. பக்கத்துக் காட்டுல பங்காளி துண்டால காதப் பொத்துறான். ஊரே கேக்குது. எங்காதுக்கு எம்புட்டுக் குளிர்ச்சி!

பங்காளி பேர மட்டும் அந்தச் சாரு அழிச்சிருக்கலாம். ஏன் அழிக்கலைன்னு இன்னும் வெளங்கல. அவுகளுக்கும் எங்கிட்டோ ஒரு பங்காளி இருப்பானோ?