பதினேழாம் நம்பர் வீட்டு அழைப்பு

நம்பினால் நம்புங்கள். என் அக்காவுக்குப் பொய் சொல்ல வராது, பயமும் லேசில் வராது. இது நடந்ததோ பட்டப்பகலில்.

ஆம்புலன்ஸ் கேட்டு வரும் அழைப்புகளை வண்டிகளுக்கு அனுப்பும் மென்பொருள் அவள் பொறுப்பு. அதன் பாஸ்வேர்டை எவனோ ஒரு புண்ணியவான் நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தான், வீட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட மாதிரி. அதை வெளியே எடுத்து சர்வரின் என்விரான்மென்ட் வேரியபிளில், அதாவது நிரலுக்கு வெளியே இருக்கும் அமைப்புப் பட்டியலில், வைக்க வேண்டும். நிரல் ஓடத் தொடங்கும்போது அங்கிருந்து படித்துக்கொள்ளும். சனிக்கிழமை. ஆபீசில் அவள் மட்டும்தான். அந்தப் பட்டியலின் எல்லா வரியையும் யார் தட்டிக்கொண்டிருப்பது என்று, ஒத்திகைக்கு வைத்திருக்கும் சோதனை சர்வரின் பட்டியலை அப்படியே நகலெடுத்தாள். பாஸ்வேர்டை மட்டும் மாற்றி, நிரலை ஓடவிட்டாள். மணி 1:08. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.

1:40. மேசைத் தொலைபேசி அடித்தது. அந்த எண்ணுக்கு யாருமே கூப்பிட மாட்டார்கள்.

"பதினேழாம் நம்பர் வீடும்மா..." வயதானவர் குரல். பின்னால் ஒரு பெண் அழும் சத்தம். "வண்டி வரல."

"சார், இது ராங் நம்பர்..."

"அழைப்பு எங்க போகணும்னு ஒரு வரி இருக்கே... அதப் பாரும்மா."

அக்கா டப்பாவைத் தள்ளி வைத்தாள். பட்டியலைத் திறந்தாள். அந்த வரியில் இருந்தது... 'சோதனை'.

முப்பத்திரண்டு நிமிடமாக வந்த அழைப்புகள் ஒரு வண்டிக்கும் போகவில்லை. சோதனைப் பெட்டியில் கிடந்தன. மொத்தம் ஒன்பது.

வரியை மாற்றினாள். மூச்சு வந்தது.

"மாத்தினா போதுமாம்மா... அதத் திரும்ப எழுப்பணும்ல?"

ஆமாம். பதற்றத்தில் மறந்தே போனாள். நிரலை நிறுத்தினாள். மறுபடி ஓடவிட்டாள். 1:44. ஒன்பது அழைப்புகளும் கிளம்பின.

"சார், உங்களுக்கும் வண்டி வருது."

"எனக்கு வேணாம்மா... மத்தவங்களுக்கு அனுப்பு."

டொக்.

திங்கட்கிழமை மேலதிகாரியோடு அந்த ஒன்பது வீடுகளுக்கும் மன்னிப்புக் கேட்கப் போனாள். மற்ற எட்டுப் பேரும் பிழைத்துவிட்டார்கள். பதினேழாம் நம்பர் வீட்டில் கதவைத் திறந்தது மகள். அப்பா 1:31-க்கே போய்விட்டாராம்.

அக்கா உடைந்து அழுதாள். "1:40-க்கு உங்கப்பா எங்கிட்ட பேசினாருங்க..."

மகள் மறுத்துத் தலையசைத்தாள்.

"ஆம்புலன்சுக்குக் கூப்பிட்டது நான். பக்கவாதம் வந்ததுலேருந்து... அப்பாவுக்கு நாலு வருஷமா பேச்சே வராதுங்க."