ஆல் என்று சொன்ன மரம்

ஈர நூலைக் கத்தியால் வெட்டினால் முனை பட்டையில் இறங்கிவிடும். அந்தக் கைகளுக்கு அது தெரியும். மூங்கில் சிம்பு ஒன்றைத் தட்டையாகச் சீவி, மஞ்சள் நூலுக்கும் மரத்துக்கும் நடுவே நுழைத்து, ஒவ்வொரு சுற்றாகத் தூக்கி அறுத்துக்கொண்டிருந்தன. ஒன்பது சுற்று. மஞ்சள் தண்ணீரில் ஊறி ஊறி இறுகிய நூல், கட்டைவிரல் பருமனான அடிமரத்தைக் கவ்விப் பிடித்திருந்தது. அதன் கீழே பட்டை கறுத்து நசநசவென்றிருந்தது. பகல் முழுவதும் தண்டவாள ஓரத்தில் புல் வெட்டிய கைகள் அவை. விரல்கள் மடங்க மறுத்தன. ஐந்தாவது சுற்றில் நின்று, வேட்டியில் துடைத்துக்கொண்டு, மறுபடி தொடங்கின.

மரம் ஒரு முழம்கூட இல்லை. நீலச் சட்டிக்குள் நின்ற முழு மரம் அது. இலை பாதிக்கு மேல் உதிர்ந்துபோயிருந்தது.

அந்தக் கைகளுக்கு உரியவர் அய்யாவு. பத்தொன்பது வயதில் கப்பலேறி வந்தவர். காஜாங் பக்கத்துத் தோட்டத்தில் பதினோரு வருடம் ரப்பர்ப் பால் வெட்டினார். பிறகு ரயில்வேயில் புல் வெட்டும் கூட்டத்தில் சேர்ந்து பிரிக்பீல்ட்ஸில் கூலிக்காரர் குடியிருக்கும் லயத்துக்கு வந்தார். சாயங்காலங்களில் கிளார்க்குமார் வீட்டுச் செடிகளையும் பார்த்துக்கொண்டார். மரங்களைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. இலையைக் கசக்கி முகர்வார், பட்டையைக் கீறுவார், சிலதை நாக்கில் வைத்துத் துப்புவார். சந்தேகம் இருந்தால் பெயர் சொல்லமாட்டார். அதனால் லயத்தில், "அய்யாவு சொன்னா சரி" என்று ஒரு பேச்சு. மனைவி மாரியாயிதான் ஒத்துக்கொள்ளமாட்டாள். "ஊரு மரத்துக்கெல்லாம் பேரு தெரியும். பெத்த மகன் பேரு மட்டும் கூப்பிடுறப்ப மறந்துபோகும்."

நீலச் சட்டி வந்தது, ரப்பர் விலை தரைக்கு வந்திருந்த அந்தத் தீபாவளியன்று. ரயில்வே கிளார்க் சிவசம்புவுக்குக் கிள்ளானிலிருந்து ஒரு சீனக் குத்தகைக்காரர் அன்பளிப்பாகக் கொண்டுவந்தார். மரத்தின் பெயரையும் சொன்னார். சீனத்தில் சொன்னதால் யார் மனத்திலும் நிற்கவில்லை. சிவசம்புவின் மனைவி கனகேஸ்வரி அய்யாவுவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அன்றைக்கு அவருக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. உட்காராமலே ஓர் இலையைக் கிள்ளினார். காம்பில் வெள்ளையாகப் பால் துளிர்த்தது. பதினோரு வருடம் பாலில் விழித்த கண் அதற்கு மேல் எதையும் தேடவில்லை.

"ஆலும்மா. சட்டியில குறுக்கி வச்சிருக்கான். தண்ணி ரொம்ப வேணாம், வேரு அழுகும். நெழல்லயே இருக்கட்டும்."

ஆல் என்றதும் கனகேஸ்வரி கையெடுத்துக் கும்பிட்டாள். ஆபிஸில் அப்போது ஆள்குறைப்பு. வாரம் ஒரு பட்டியல் பலகையில் ஒட்டினார்கள். கணவன் பெயர் அதில் வரக்கூடாது என்று வேண்டி, மரத்தைச் சாமி அறை வாசலில் வைத்து, மஞ்சள் நூல் கட்டினாள். வெள்ளிக்கிழமைதோறும் கொஞ்சம் மஞ்சள் தண்ணீர், கொஞ்சம் பால். மற்ற நாளில் ஒன்றுமில்லை.

தை மாதத்துக்குள் மரம் தினம் நாலு இலை உதிர்த்தது. ஆபிஸில் வாரத்துக்கு இரண்டு பேர் போனார்கள். அவள் இரண்டையும் சேர்த்தே எண்ணத் தொடங்கினாள்.

"மரம் பட்டால் என்ர மனுசன்ர வேலையும் போச்சுது அய்யாவு. எனக்குத் தெரியும்."

"அப்படியெல்லாம் இல்லம்மா."

"நீர் சும்மா இரும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காக அய்யாவு கிள்ளானுக்குப் போனார். கடைத்தெருவில் ஒரு சீனக் கடை வாசலில், நல்ல வெயிலில், அதே மரம். தண்ணீர்த் தட்டில் நின்றது. நீண்ட காம்புகளில் வெள்ளைப் பூக்கள் தோடு மாதிரித் தொங்கின. ஆலில் ஏது இப்படிப் பூ? கிட்டப் போய்க் குனிந்தார். ஆலுக்கு இலை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறி வரும். நுனிக் குருத்தைக் கூரான உறை மூடியிருக்கும். இதில் இலைகள் எதிரெதிராக, ஜோடி ஜோடியாக நின்றன. உறையும் இல்லை. தீபாவளியன்று ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்த்திருந்தால் இவ்வளவும் தெரிந்திருக்கும்.

கடைக்காரி பக்கத்துச் சட்டியில் இலையை ஒன்று விடாமல் உருவிக்கொண்டிருந்தாள். உருவினால் பூக்கும் என்று கையால் காட்டினாள். தட்டைத் தொட்டு, மலாயில், "ஆயர் பாஞாக் லா, பாஞாக்!" என்றாள். தண்ணீர் நிறைய, நிறைய.



மறுநாள் சாயங்காலம் நேராகப் போய்ச் சொல்லிவிட்டார். "அம்மா, நான் சொன்னது தப்பு. இது ஆலு இல்ல."

கனகேஸ்வரி நூல் கட்டிய அடிமரத்தைப் பார்த்தாள். "மூண்டு மாசம் நான் இதைச் சுத்திக் கும்பிட்டனான். நீர்தானே ஆல் எண்டு சொன்னனீர்?"

"நான்தாம்மா."

"இப்ப என்ன, புளியமரம் எண்டு சொல்லப்போறீரோ?"

"பேரு தெரியாது. பூக்கிற மரம். வெயிலும் தண்ணியும் கேக்குது. நூலை எடுக்கணும். மிச்ச இலையையும் உருவணும்."

"இருக்கிறதையும் உருவுறதோ? விசரே உமக்கு?"

அய்யாவு நகத்தால் ஒரு கிளையைக் கீறிக் காட்டினார். உள்ளே மெல்லிய பச்சை. "உசிரு இருக்கு. உருவாட்டி அதுவா கொட்டிட்டுச் சாகும். உருவினா ஒருவேளை துளிர்க்கும். இதுக்கு மேல நான் உறுதி சொல்லமாட்டேன்."

அந்தக் கடைசி வார்த்தையைத்தான் அவள் நம்பினாள் போலிருக்கிறது. "செய்யும்," என்றாள்.

அப்படித்தான் மூங்கில் சிம்பு நூலுக்குள் நுழைந்தது. ஒன்பதாவது சுற்றும் விழுந்ததும் கறுத்த பட்டையைத் துடைத்தார். மண்மேல் ஆடை கட்டியிருந்த பாலைச் சுரண்டி எறிந்தார். நுனியிலிருந்து தொடங்கி ஒவ்வோர் இலையாகக் காம்போடு எடுத்தார். முடிந்தபோது சட்டியில் ஒரு குச்சிதான் நின்றது. கனகேஸ்வரி அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மாதம், வேலைக்குப் போகும் முன் ஒருமுறை, வந்த பின் ஒருமுறை. ஒவ்வொரு தடவையும் சட்டிக்கு அடியில் தண்ணீர் ஒழுகும்வரை ஊற்றினார். கனகேஸ்வரி கண்டால் தீட்டு என்பாள் என்று, அவள் உள்ளே இருக்கும் நேரம் பார்த்து, மாரியாயி மீன் கழுவிய தண்ணீரைத் தகரக் குவளையில் கொண்டுவந்து ஊற்றினார். பன்னிரண்டாம் நாள் ஒரு கணுவில் பச்சைப் புள்ளி தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. நாலு கணுவில் வந்த பிறகு சொன்னார்.

மாசிக் கடைசியில் பெரிய பட்டியல் வந்தது. கனகேஸ்வரி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"இவற்ற பேர் இல்லை அய்யாவு! இல்லை!" பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். "உம்மட பேர்?"

"இருக்குதும்மா. எங்க கூட்டத்துல பாதிப் பேர். ஊருக்குத் திருப்பி அனுப்புறாங்க. வர்ற புதன்கிழமை கப்பல்."

"மாரியாயி?"

"அவளுந்தான். முப்பது வருஷம் கழிச்சு ஊரைப் போய்ப் பாக்கணும்னு துணி மூட்டை கட்டிக்கிட்டு இருக்கா. என்னையும் ஒரு மூட்டையாத்தான் கட்டணும்னு சொல்றா."

அவள் சிரிக்கப் பார்த்தாள்; வரவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அய்யாவு கனகேஸ்வரி வீட்டு முற்றத்து வெயிலிலிருந்து சட்டியைத் தூக்கினார். மரம் நிறையப் புதுத்துளிர். நூல் கிடந்த இடத்தில் பட்டை தழும்பாக மூடியிருந்தது. கிளைகளின் நுனியில் பதினேழு பூ, தலைகீழாக, வெள்ளையாக. சட்டியின் விளிம்பில் ஒட்டியிருந்த மண்ணைக் கட்டைவிரலால் வழித்தார்.

"ரெண்டு வேளையும் தண்ணி. வெயில்ல வைங்க. வருஷம் ரெண்டு தடவை இலையை உருவணும், பயப்படக்கூடாது."

"மறந்துபோனால்?"

"இலை தொங்கும். அதைப் பாத்து ஊத்துங்க."

"பிறகு நான் நூல் கட்டேல்லை," என்றாள் அவள், கேட்காததற்குப் பதில் சொல்வதுபோல.

"தெரியும்மா."

அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள். ஈரமண்ணோடு சட்டி நல்ல கனம். அவள் அடியில் சரியாகப் பிடித்துவிட்டாளா என்று பார்த்துவிட்டுத்தான் அய்யாவு தன் கைகளை எடுத்தார்.