தகர ஸ்கேலும் தண்ணீர் அலையும்

எழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதோடு என் படிப்பு நின்றுவிட்டது.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளுக்கு அச்சு செய்வது என் வேலை. களிமண் சூளையில் வெந்தால் சுருங்கும். அதனால் அச்சைப் பெரிதாகவே செய்வோம். அதற்கென்று நானே கோடு கீறிய தகர ஸ்கேல் ஒன்று உண்டு. அதில் பத்து என்றால் கடை ஸ்கேலில் பதினொன்று.

பதினொன்றாவது படித்த என் மகளுக்கு, தண்ணீரில் அலையின் வேகத்தை அளக்கும் சோதனை வந்தது. ஆளுக்கொரு தட்டு கொண்டுவரச் சொன்னார்கள். வெந்த பிறகு சரியாக அறுபது சென்டிமீட்டர் இருக்கும்படி நீளமான பீங்கான் தட்டு செய்து, சைக்கிளில் நானே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் இறக்கினேன். கூச்சத்தில் உள்ளே போகாமல் வராந்தாவிலேயே, அவள் மேசைக்குப் பக்கத்து ஜன்னலோரம் நின்றுகொண்டேன்.

வாத்தியார் எல்லாத் தட்டிலும் ஒரே ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றினார். ஓரத்தைத் தூக்கி விட்டால் அலை எதிர்ப்பக்கம் போய்த் திரும்பும். அந்த நேரத்தையும் தட்டின் நீளத்தையும் வைத்து வேகத்தைக் கணக்கிட வேண்டும்.

"ஆழம் ஒண்ணுன்னா வேகமும் ஒண்ணுதான். எல்லாருக்கும் செகண்டுக்கு எழுபது சென்டிமீட்டர் கிட்ட வருது. உனக்கு மட்டும் என்னம்மா அறுபத்து மூணு?" என்றார் அவளிடம்.

"மூணு வாட்டி பாத்துட்டேன் சார்."

பக்கத்துப் பெண் முணுமுணுத்தாள்: "எழுபதுன்னு போட்டுட்டு வாடி, பஸ்ஸு போயிடும்."

"வராதத எப்படிடி எழுதறது?"

"அளக்கத் தெரியலன்னா எல்லாத்தையும் அடிச்சிடு. மார்க்கு கெடையாது" என்றார் வாத்தியார்.

அவள் குரல் உடைந்தது. "நீளம் ஐம்பத்து நாலரை சார். நல்லா அளந்தேன்."

ஐம்பத்து நாலரையா? அது நான் செய்த தட்டு. எட்டிப் பார்த்தேன். அவள் கையில் என் தகர ஸ்கேல். வீட்டு அலமாரியில் கிடந்ததை எடுத்து வந்திருக்கிறாள். அது எதற்கான ஸ்கேல் என்று நான் சொன்னதே இல்லை.

முதலாளி முன்னால்கூட வாய் திறக்காதவன், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

"சார், தப்பு பொண்ணு மேல இல்லீங்க. ஸ்கேலு என்னோடது. அச்சுக்காகக் கோட்டத் தள்ளித் தள்ளிக் கீறினது. தட்டு அறுபதுதாங்க."

வாத்தியார் மர ஸ்கேலை வைத்துப் பார்த்தார். அறுபது. மகள் மறுபடி கணக்குப் போட்டாள். எழுபது வந்தது.

"அப்பா சொத்துன்னு எடுத்தாந்துட்டியாம்மா?" என்று அவர் சிரித்தார். வகுப்பே சிரித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளும் சிரித்தாள். "பழைய கணக்க அடிக்காத. ஏன் கொறஞ்சுதுன்னு பக்கத்துல எழுது."

எழுதியிருக்கிறாள்: 'இது என் அப்பா அச்சு செய்யும் ஸ்கேல்.' அந்த நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போடவிடாமல் எடுத்து வைத்திருக்கிறேன்.

எழுதி முடித்தது: 2008, தை மாதம், மாட்டுப் பொங்கல் அன்று.