கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு எதிரி

லிஃப்டுக்காரர் வீட்டுக் கூடத்தில் சோபா கிடையாது. சோபா இருக்கவேண்டிய இடத்தில் ஓர் ஆளைப் படுக்கவைக்கிற நீளத்துக்கு மீன்தொட்டி. அதில் முழங்கை நீளத்தில், உடம்பெல்லாம் கரும்புள்ளியோடு ஒரு ஜோடி ஜாகுவார் சிக்லிட் மீன்கள். லிஃப்ட் பழுதுபார்க்கப் போகிற இடங்களில் வாயே திறக்காத மனிதர், மீன் பேச்சை எடுத்தால் ஆளை விடமாட்டார்.

ஆண்மீனுக்கு மூக்குக்கு மேல் கோபம். முன்பு வாங்கிவந்த இரண்டு பெண்மீன்களையும் கடித்தே கொன்றுவிட்டது, ராட்சசன். மூன்றாவதை விரல்நீளக் குஞ்சிலிருந்து அவரே கண்ணும் கருத்துமாக வளர்த்தார். நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தடுப்பை வைத்து, மாதக்கணக்காக இரண்டையும் முகம் பார்த்துப் பழகவிட்டார்.

"நம்ம பொண்ணைக் கட்டிக் கொடுக்கும்போதுகூட நீங்க இவ்வளவு யோசிக்கல" என்றாள் மனைவி.

"மாப்பிள்ளை கடிக்க மாட்டாருன்னு தெரியும்ல?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை தடுப்பை எடுத்தார். இரண்டும் தட்டைக்கல்லை வாயாலேயே சுத்தம் செய்து, ஒற்றுமையாக முட்டை வைத்தன. அவருக்குத் தலைகால் புரியவில்லை. சாப்பிட்டு வருவதற்குள் ஆண்மீன் தன் குணத்தைக் காட்டிவிட்டது. பெண்மீன் வால் கிழிந்து மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. இப்போது கையை விட்டுத் தடுப்பைப் போட்டால், மிரண்டுபோய் முட்டைகளை அவையே தின்றுவிடும்.

பதறிப்போய்க் கண்ணாடியில் முகத்தை ஒட்டினார். உடனே ஆண்மீன் பெண்ணை விட்டுவிட்டு, செவுளை விரித்துக்கொண்டு அவர் மூக்கை நோக்கிப் பாய்ந்தது. அவர் நகர்ந்தால் பெண்மீனிடம் திரும்பியது. முகத்தைக் காட்டினால் மறுபடி அவரிடம் வந்தது. வம்பிழுக்க வெளியே ஓர் ஆள் இருக்கும்வரை உள்ளே அவள் பிழைத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க போய்ப் படுங்க, கொஞ்ச நேரம் நான் இருக்கேன்" என்று மனைவி வந்தாள். தினமும் இறால் போடுகிற முகம் அது. ஆண்மீன் அவளைப் பார்த்து வாலைக் குழைத்துவிட்டு, பெண்ணைத் துரத்தப் போய்விட்டது. தண்ணீர் மாற்றுகிறேன், கல்லைக் கழுவுகிறேன் என்று ஓயாமல் தொட்டிக்குள் கையை விட்ட இவர்மேல்தான் அதற்கு ஆறாத பகை.

"இவ்வளவு செஞ்சதுக்கு இதான் மரியாதையா?" என்றார். நிஜமாகவே வலித்தது. ஆனாலும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டார். தொட்டி முன்னாலேயே சாப்பாடு. விளக்கை அணைத்து அது அடங்கிய பிறகுதான் படுக்கை.

குஞ்சுகள் தூசிபோலக் கல்லைவிட்டு எழும்பிய அன்று காலையிலும், வழக்கம்போல முகத்தைக் கொண்டுபோய் வைத்தார். ஆண்மீன் பாய்ந்தது. அதன் பக்கத்திலேயே, கிழிந்த வாலோடு, பெண்மீனும் பாய்ந்து வந்து அவர் மூக்குக்கு நேராகக் கண்ணாடியில் முட்டியது. ஆண்மீன் அவளைத் தொடவில்லை.

"ஏய், சீக்கிரம் ஓடி வா!" என்று கத்தினார். முகமெல்லாம் சிரிப்பு. "அவளும் என்னைக் கடிக்க வர்றா!"